ஹால் ஃபேனுக்குச் செலவு பண்ணாதீங்க: வாடகை வீட்டுக்கு ஃபேன், லைட் வாங்கும் கணக்கு



போன மாசம் என் சித்தி பையன் ஒரு ஃப்ரெண்டோட சேர்ந்து மயிலாப்பூரில் டூ பெட்ரூம் வீட்டுக்குக் குடி போனான். தரமணி டைடல் பார்க்கில் வேலை. அட்வான்ஸ் கட்டி, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை கொடுத்து, பால் காய்ச்சி முடிச்சப்போ அவன் அக்கவுன்ட்டில் மீதி 22,000 ரூபாய். அந்த நிலைமையில் தி.நகரில் ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

பிஎல்டிசி ஃபேன் 3, ஒண்ணு 3,200 வீதம் 9,600. ஹாலுக்குத் தொங்குற லைட் ஒண்ணு 5,500. பேனல் லைட் 8, ஒண்ணு 450 வீதம் 3,600. மொத்தம் 18,700 ரூபாய். கீழே ஒரு மெசேஜ்: "நோ காஸ்ட் இஎம்ஐ அண்ணா, 9 மாசம், மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். கரன்ட் பில்லுல மிச்சமாகுற காசுலயே ட்யூ கட்டிடலாம்னு கடைக்காரர் சொல்றார்."

அந்தக் கடைசி வரி உண்மையான்னு பார்க்க ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் போதும். புது வீடு பார்த்துட்டு இருக்கிற எல்லாருக்கும் இதே கேள்வி வரும் என்பதால், அவனுக்குப் போட்ட கணக்கை அப்படியே இங்க தர்றேன்.

முதல்ல பில்லை எடுங்க: உங்க கடைசி யூனிட் என்ன விலை?

நம்ம இ.பி. பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருது. முதல் 100 யூனிட் இலவசம். அதுக்கு மேல விலை படிப்படியா ஏறும். இந்தக் கணக்கு 2024 ஜூலையில் மாறின ரேட்டில் போட்டது. 2025 ஜூலை உயர்வு வீடுகளுக்குக் கிடையாதுன்னு அரசு சொல்லிடுச்சு.

மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியா 500 யூனிட் ஓடினா பில் 1,805 ரூபாய்.

500-ஐத் தாண்டிட்டா ரெண்டு விஷயம் நடக்கும். தாண்டின யூனிட்டுக்கு 8.40 ரூபாய். அது மட்டும் இல்லை, கீழே இருந்த 2.35 ரூபாய்ச் சலுகையும் போயிடும், 101-லேயே 4.70 ஆரம்பிச்சுடும். அதனால 510 யூனிட் ஓடினா பில் 2,124 ரூபாய். 10 யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுது!

இதனால மிச்சத்தைக் கணக்குப் போடும்போது சராசரி ரேட்டை எடுக்கக் கூடாது. மிச்சமாகுற யூனிட் எப்பவும் மேல் படியில் இருந்துதான் கழியும். உங்க பில் 380 யூனிட்டுன்னா உங்களுக்கு ஒரு யூனிட்டின் மதிப்பு 4.70. ஏசி ஓடி 540 ஆகுதுன்னா 8.40.

வீட்டுக்குத் தனி மீட்டர் இல்லாம, ஓனர் சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட்டில் வாங்குற வீடுகளும் நிறைய இருக்கு. அங்க இலவச 100 யூனிட்டும் உங்க கைக்கு வராது, படியும் கிடையாது. ஓனர் சொல்ற ரேட்தான் உங்க ரேட். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுடுங்க.

விளம்பரம் எந்த ஃபேனோட ஒப்பிடுது?

சாதாரண பழைய சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடில் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 28 முதல் 35 வாட். நான் 30-ன்னு வெச்சுக்கிறேன். இது ஏமாத்து வேலை இல்லை, நிஜமான தொழில்நுட்பம். மோட்டாருக்குள்ள காந்தமும், அதை ஓட்ட ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டும் இருக்கும். அதனால சூடா வீணாகுற மின்சாரம் குறையும். 35 வாட்டில் ஓடுற சூப்பர்ஃபேனை 2012-லேயே கொண்டு வந்தது நம்ம கோயம்புத்தூர் வெர்சா டிரைவ்ஸ் கம்பெனிதான். இன்னிக்கு கிட்டத்தட்ட எல்லா பெரிய பிராண்டிலும் பிஎல்டிசி கிடைக்குது.

பிரச்சினை எங்கன்னா, விளம்பரம் எப்பவும் 75 வாட்டோடதான் ஒப்பிடும். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். 1200 மி.மீ. ஃபேனுக்கு 1 ஸ்டார் கிடைக்கணும்னாலே, ஒரு வாட்டுக்கு நிமிஷத்துக்கு 4 கன மீட்டர் காத்தாவது தள்ளணும். 210 கன மீட்டர் தள்ளுற ஃபேன்னா 52 வாட்டுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு அர்த்தம். அதாவது இன்னிக்குக் கடைக்குப் போய் பிஎல்டிசி இல்லாத மலிவு ஃபேன் வாங்கினாலும், அது சுமார் 52 வாட்தான்.

அதனால உங்க முன்னாடி இருக்கிறது ரெண்டு தனித்தனிக் கேள்வி.

ஒண்ணு, ஃபேனே இல்லாத ரூமுக்குப் புதுசா வாங்கணும். அப்போ பிஎல்டிசிக்காக நீங்க கூடுதலா கொடுக்கிறது விலை வித்தியாசம் மட்டும்தான். 1 ஸ்டார் ஃபேன் 1,700, பிஎல்டிசி 2,900-ன்னா கூடுதல் 1,200. மிச்சமாகுறது 22 வாட்.

ரெண்டு, ஓடிட்டு இருக்கிற பழைய ஃபேனைக் கழட்டிட்டு மாத்தணும். அப்போ முழு விலையும் கூடுதல் செலவு. மாட்டுற கூலியோட 3,150. மிச்சமாகுறது 45 வாட்.

கடைக்காரர் முதல் கேள்வியின் குறைந்த செலவையும், ரெண்டாவது கேள்வியின் பெரிய மிச்சத்தையும் சேர்த்துச் சொல்லிடுவார். "ஆயிரம் ரூபாய்தான் சார் ஜாஸ்தி, 45 வாட் மிச்சம்!" ரெண்டு பாதி உண்மை சேர்ந்தா முழு உண்மை ஆகாதுங்க.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

இனிமே முடிவு பண்றது ஒரே ஒரு விஷயம்: அந்த ஃபேன் ஓடுற நேரம். சென்னையில் மார்கழியில் கொஞ்ச நாள் ஃபேனைக் குறைச்சு வைப்போம், அதை விட்டுடறேன். 365 நாளும் ஃபுல் ஸ்பீடுன்னே எடுத்துக்கிறேன். நிஜ மிச்சம் இதைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். யூனிட் 4.70.

ஹால்: பழைய ஃபேன் ஓடுது. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, தினம் 4 மணி நேரம். 45 வாட் மிச்சம்னா வருஷத்துக்கு 66 யூனிட், 309 ரூபாய். போட்ட 3,150 திரும்பி வர 10 வருஷம் ஆகும்.

ஃப்ரெண்டோட பெட்ரூம்: இங்கயும் பழைய ஃபேன். தினம் 10 மணி நேரம். வருஷத்துக்கு 164 யூனிட், 772 ரூபாய். திரும்பி வர 4 வருஷம்.

தம்பியோட பெட்ரூம்: வெறும் ஹூக்தான் தொங்குது. வாரத்தில் ரெண்டு நாள் வீட்டில் இருந்து வேலை என்பதால் சராசரி 12 மணி நேரம். கூடுதல் செலவு 1,200, மிச்சம் 22 வாட். வருஷத்துக்கு 96 யூனிட், 453 ரூபாய். திரும்பி வர சுமார் 2 வருஷம் 8 மாசம்.

மூணையும் கூட்டினா வருஷத்துக்கு 1,534 ரூபாய். மாசத்துக்கு 128. அவன் கட்ட இருந்த இஎம்ஐ மாசம் 2,078! "மிச்சமாகுற காசுலயே ட்யூ"ன்னு சொன்னதோட லட்சணம் இதுதான்.

ஆனா இதே கணக்கு வேற வீட்டில் வேற மாதிரி வரும். ரெண்டு பெட்ரூமிலும் 75 வாட் ஃபேன், தினம் 12 மணி நேரம், கோடையில் ஏசியால பில் 540 யூனிட்டுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டையும் மாத்தினா ரெண்டு மாசத்தில் 65 யூனிட் குறையும். 540, 475 ஆகும். பில் 2,376-ல் இருந்து 1,648-க்கு வரும். ஒரே பில்லில் 728 ரூபாய்! 500 என்ற கோட்டுக்குக் கீழே இறங்கினதுதான் காரணம். உங்க பில் 500-ஐ ஒட்டி வருதுன்னா, பெட்ரூம் ஃபேனை மாத்துறது நல்ல முதலீடு. 300-லேயே நிக்குதுன்னா அவசரமே இல்லை.

நம்ம வழக்கத்தைப் பாருங்க. வர்றவங்க பார்க்கணும்னு விலை கூடின ஃபேனை ஹாலில் மாட்டுவோம். பழசைக் கழட்டி பெட்ரூமுக்குத் தள்ளிடுவோம். மீட்டர் ஓடுறது பெட்ரூமில்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி 100 ரூபாய் செலவு பண்ணிப் பாருங்க

"பழைய ஃபேன் மெதுவா சுத்துது"ன்னு மாத்துறவங்கதான் அதிகம். பெரும்பாலும் கெப்பாசிட்டர் வீக் ஆயிருக்கும். எலக்ட்ரீஷியன்கிட்ட சொன்னா 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு மாத்துவார், வேலை முடிஞ்சுது. இறக்கையில் படிஞ்ச அழுக்கையும் துடைங்க. சுவரில் பெட்டி மாதிரி பழைய ரெகுலேட்டர் இருந்தா, ஸ்பீடைக் குறைக்கும்போது மின்சாரத்தை அது சூடா வீணாக்கும். சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டுடுங்க. சத்தம், உரசல், காயில் கருகின வாசனை வந்தா மட்டும் புது ஃபேனைப் பத்தி யோசிக்கலாம். ரெண்டு மூணு தடவை ரீவைண்டிங் பண்ணின ஃபேனில் மறுபடியும் காசு போடாதீங்க.

ஃபேன் டப்பாவில் பார்க்க வேண்டியது

காத்து அளவு. 1200 மி.மீ. ஃபேன்னா நிமிஷத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையாம இருக்கணும். வாட் கம்மி, காத்தும் கம்மின்னா அது சிக்கனம் இல்லை. ஏசியைப் போட வெச்சிடும். காத்து அளவை வாட்டால் வகுங்க. 6-க்கு மேல வந்தா 5 ஸ்டார். லைட்டும் ஃபேனும் ஒண்ணா வர்ற அலங்கார மாடல்களில் இறக்கை சின்னது, இந்த எண்ணைக் கண்டிப்பா பாருங்க.

லேபிள் வருஷம். 2023-க்கு முந்தின பழைய அளவுகோலில் 5 ஸ்டார் வாங்கின ஃபேன், இன்னிக்கு 1 ஸ்டார்தான். செகண்ட் ஹேண்டிலோ பழைய ஸ்டாக்கிலோ "5 ஸ்டார்"னு சொன்னா, வாட் எவ்வளவுன்னு கேளுங்க. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கணும்.

வாரன்டி. பிஎல்டிசியில் போகக்கூடிய பாகம் அந்த எலக்ட்ரானிக் போர்டு. தம்பியோட ரூமில் போட்ட காசு திரும்ப 2 வருஷம் 8 மாசம் ஆகுதுன்னு பார்த்தோம். 2 வருஷ வாரன்டி உள்ள ஃபேனில், லாபம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வாரன்டி முடிஞ்சுடும். 200, 300 கூட ஆனாலும் 3 வருஷமோ அதுக்கு மேலயோ வாரன்டி உள்ளதை எடுங்க. ரிமோட்டும் போர்டும் தனியா என்ன விலைன்னு கடையிலேயே கேட்டுக்கோங்க.

ரெகுலேட்டர். பெரும்பாலான பிஎல்டிசி ஃபேனை சுவர் ரெகுலேட்டரோட ஓட்டக் கூடாது. மாட்டும்போது அதை பைபாஸ் பண்ணச் சொல்லுங்க.

உயரம். தரையில் இருந்து இறக்கை 8, 9 அடி உயரத்தில் இருந்தா காத்து நல்லா வரும். மயிலாப்பூரில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கூரை உயரம். நீளமான ராட் வேணும். அடையார், பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரி கடல் காத்து அடிக்கிற இடத்தில் மலிவான இரும்பு இறக்கை சீக்கிரம் துருப்பிடிக்கும், அலுமினியம் நல்லது.

இன்வெர்ட்டர் இருந்தா பிஎல்டிசிக்கு இன்னொரு லாபம் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ நாள்கணக்கில் கரன்ட் இல்லாம இருந்த பகுதிகளில் இருந்தவங்களுக்கு இது புரியும். அதே பேட்டரியில் ஃபேன் ரெண்டு மடங்குக்கு மேல நேரம் ஓடும்.

லைட்டில் யூனிட் கணக்கு வேண்டாம்

லைட்டில் பெரிய மிச்சம் ஏற்கெனவே நடந்து முடிஞ்சாச்சு. 60 வாட் குண்டு பல்பில் இருந்து 9 வாட் எல்இடிக்கு வந்ததுதான் அது. 2015-ல் மத்திய அரசு உஜாலா திட்டம் ஆரம்பிச்ச பிறகு விலையும் நல்லா இறங்குச்சு. இன்னிக்கு 100 ரூபாய் எல்இடிக்கும் 300 ரூபாய் எல்இடிக்கும் நடுவில் யூனிட் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. 20 வாட் டியூப் தினம் 5 மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாசத்துக்கு 6 யூனிட்தான்.

அதனால இங்க பார்க்க வேண்டியது வெளிச்சமும் ஆயுளும். டப்பாவில் வாட்டைப் பார்க்காதீங்க, லூமனைப் பாருங்க. 10-க்கு 12 அடி ரூமுக்குச் சுமார் 2,000 லூமன் போதும். ஒரு 20 வாட் எல்இடி டியூப் அதைக் கொடுத்துடும். 9 வாட் பல்பு 900 லூமன் பக்கம் வரும். நாலு பேனல் லைட் மாட்டினா அழகா இருக்கும், ஆனா வாடகை வீட்டில் கான்கிரீட்டை ஓட்டை போடணும், ஓனர் சம்மதிக்கணும், காலி பண்ணும்போது பூசிக் கொடுக்கணும்.

நிறத்துக்கு ஒரு எண் போட்டிருக்கும். 6500 கெல்வின்னா வெள்ளை, சமையலறைக்கும் படிக்கவும் சரி. 3000 மஞ்சள், ராத்திரி ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் இதம். 4000 ரெண்டுக்கும் நடுவில். ஒரே ரூமில் வெள்ளையும் மஞ்சளும் கலந்து மாட்டிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க.

எல்இடியில் முதலில் போறது அதுக்குள்ள இருக்கிற டிரைவர்தான். அதனால 2 வருஷ வாரன்டியும், டப்பாவில் பிஐஎஸ் பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க. கடையில் எரிய விட்டு, போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வெச்சு ஒரு வீடியோ எடுங்க. வெளிச்சம் துடிச்சா அந்த டிரைவர் மட்டம். அலங்கார லைட் வாங்கியே ஆகணும்னா, சாதாரண பல்பு மாட்டுற ஹோல்டர் உள்ளதா எடுங்க. உள்ளேயே எல்இடி ஒட்டினதில் டிரைவர் போச்சுன்னா, 5,500 ரூபாய் விளக்கு சும்மா தொங்கும்.

இஎம்ஐ, பில், ஓனர்

நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி காணாம போறதில்லை. விலையில் தள்ளுபடியா காட்டி, வட்டியா வாங்கிக்கிறாங்க. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. கிரெடிட் கார்டில் அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, பிராசஸிங் ஃபீஸ், அதுக்கும் ஜிஎஸ்டி. 15% வட்டி, 199 ரூபாய் ஃபீஸ்னு வெச்சா, 18,700-க்கு 9 மாசத்தில் சுமார் 430 ரூபாய் கூடுதல். தொகை சின்னதுதான். ஆனா இஎம்ஐ இல்லைன்னா அந்தத் தொங்குற லைட்டை அவன் வாங்கியே இருக்க மாட்டான். நிஜச் செலவு அதுதான்.

"பில் வேண்டாம்னா 150 குறைச்சுக்கலாம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஃபேனுக்கும் எல்இடிக்கும் ஜிஎஸ்டி 18%. 2,900 ரூபாய் ஃபேனில் 442 ரூபாய் வரி. அதில் உங்களுக்கு 150 கொடுத்துட்டு வாரன்டியைப் பறிச்சுக்கிறாங்க. பில்லை போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வைங்க. எழுத்து ஆறே மாசத்தில் அழிஞ்சுடும்.

ஓனர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. வாடகை வருமானத்தில் ரிப்பேருக்குச் செலவு பண்ணினாலும் பண்ணலைன்னாலும் 30% கழிவு அவருக்கு வரிச் சட்டமே கொடுக்குது. "பாதி நீங்க போடுங்க சார், ஃபேன் வீட்டுக்கே இருக்கட்டும்"னு மரியாதையா கேட்டா பல பேர் ஒத்துக்குவாங்க. இல்லைன்னா நீங்க வாங்கினது உங்களோடது. ஓனர் ஃபேனை லாஃப்ட்டில் பத்திரமா வெச்சு, காலி பண்ணும்போது திரும்ப மாட்டிக் கொடுங்க. எது யாரோடதுன்னு அக்ரிமென்டில் ஒரு வரி எழுதிடுங்க.

கடைசியில் தம்பி என்ன வாங்கினான்?

அவன் பெட்ரூமுக்கு 3 வருஷ வாரன்டியோட பிஎல்டிசி ஃபேன் ஒண்ணு 2,900. மத்த ரெண்டு ஃபேனுக்கும் கெப்பாசிட்டர் 200. 20 வாட் டியூப் 4, ஆயிரம் ரூபாய். 9 வாட் பல்பு 4, 400. எலக்ட்ரீஷியன் கூலி 700. மொத்தம் 5,200 ரூபாய், இஎம்ஐ இல்லாம. ஃப்ரெண்டோட ஃபேனை, கோடை பில் 500-ஐத் தாண்டினா அப்போ பார்த்துக்கலாம்னு விட்டாச்சு.

மிச்சம் 13,500. புது வீட்டில் முதல் மாசத்தில் தண்ணி மோட்டார் ரிப்பேரோ, உடம்பு சரியில்லாமலோ ஒரு செலவு வந்தா கை நீட்டாம சமாளிக்க அது அக்கவுன்ட்டில் இருக்கு. ஹாலில் பழைய ஃபேன்தான் சுத்துது. போன ஞாயித்துக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன், யாரும் நிமிர்ந்து பார்க்கலை.

நீங்க செய்ய வேண்டியது மூணே மூணு. கடைசி ரெண்டு இ.பி. பில்லை எடுங்க. வீட்டில் ஒவ்வொரு ஃபேனும் எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. அப்புறம் கடைக்குப் போங்க. உங்க வீட்டு எண்ணைப் போட்டு இந்தக் கணக்கை எப்படிப் பண்றதுன்னு நம்ம சேனல் வீடியோவில் கால்குலேட்டரோட காட்டியிருக்கேன், பார்த்துட்டுப் போங்க.